கஞ்சிப்பாசிக்கு வந்த வாழ்வு

1658-ஆம் ஆண்டு உலகத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். மற்றது, ஜப்பானில் ஒரு சத்திரக்காரர் மிஞ்சிய சாப்பாட்டைக் கொல்லையில் கொட்டினார். இரண்டில் எது பெரிது என்று சரித்திர வாத்தியாரைக் கேட்டால் கோட்டை என்பார். என் வோட்டு குப்பைக்குத்தான்.

முதலில் கோட்டைக் கதையை முடித்துவிடுவோம், அது சின்னக் கதை. ஒல்லாந்தத் தளபதி வான் கூன்ஸ் படையோடு வந்தார், முற்றுகை போட்டார், பிடித்தார். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலுக்குள் நிற்கிறதே ஹமன்ஹீல் கடற்கோட்டை, அதுவும் அதே வருஷம்தான் விழுந்தது. பீரங்கி இருந்தது, மதில் இருந்தது, சுற்றிவரக் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீரும் இருந்தது. குடிக்கத்தான் ஒரு சொட்டும் இல்லை. இன்றைக்கு அந்தக் கோட்டையில் கடற்படை ஹொட்டேல் நடத்துகிறது, குளிர்ந்த தண்ணீர்ப் போத்தல் தாராளமாகக் கிடைக்கும்.

வென்ற கையோடு ஒல்லாந்தர் செய்த வேலை, தீவுகளுக்கெல்லாம் தங்கள் ஊர்ப் பெயரை வைத்தது. நெடுந்தீவு டெல்ஃப்ற். நயினாதீவு ஹார்லெம். ஊர்காவற்றுறையும் வேலணையும் இருக்கும் தீவு லைடன். காரைதீவு அம்ஸ்ரடாம், அனலைதீவு ரொட்டர்டாம், புங்குடுதீவு மிடில்பேர்க். யோசித்துப் பாருங்கோ: மிடில்பேர்க்கில் வள்ளம் ஏறி ஹார்லெமுக்குப் போய் நாகபூசணி அம்மனைக் கும்பிட்டுவிட்டு, பின்னேரம் லைடனுக்குத் திரும்பி ஒடியற்கூழ் குடிப்பது! வீட்டு நினைப்பில் வைத்த பெயர்களாக இருக்கலாம். எங்கள் ஆட்கள் கனடாவில் கடைக்கு ஊர்ப் பெயர் வைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

பெயர் வைத்தவர்கள் கரையை ஒழுங்காகப் பார்த்தார்களா என்றால், இல்லை. ஊர்காவற்றுறையில் அவர்களுக்குத் தெரிந்தது யானை. வன்னியில் பிடித்து, நடத்திக்கொண்டுவந்து, இங்கே கப்பலில் ஏற்றி இந்தியாவுக்கு விற்றார்கள். நெடுந்தீவில் தெரிந்தது குதிரை. சங்கு தெரிந்தது, சாயவேர் தெரிந்தது. காலில் சுற்றிக்கொண்ட பாசியை மட்டும் உதறிவிட்டுப் போனார்கள். யானையை ஏற்றுகிற துறையில் பாசியை யார் மதிப்பார்?

இப்போது குப்பைக்கு வருவோம். கியோத்தோவுக்குப் பக்கத்தில் ஃபுஷிமி என்ற ஊர். மினோ தாரோசாயெமொன் என்பவர் அங்கே சத்திரம் வைத்திருந்தார். சற்சுமாப் பிரபு பரிவாரத்தோடு வந்து தங்கினார். கடற்பாசியைக் காய்ச்சி உறையவைத்த களியைப் பரிமாறினார்கள். வி.ஐ.பி. பந்தி என்றால் மிஞ்சத்தானே செய்யும்? மிஞ்சியதை வெளியே கொட்டினார்கள். அது மாரிகாலம். இரவில் களி உறைந்து கட்டியாகும், பகல் வெயிலில் இளகித் தண்ணீர் வடியும். சில நாளில் பார்த்தால், வெள்ளை வெளேரென்று பஞ்சு மாதிரி ஏதோ கிடக்கிறது. எடுத்துத் திரும்பக் காய்ச்சினால் முன்னையதைவிடத் தெளிந்த களி, பாசி நாற்றமும் போயிற்று. அகர் என்கிற சரக்கு பிறந்த கதையாக ஜப்பானியர் சொல்வது இதுதான். உறையவைத்து, இளகவைத்து, அழுக்கைத் தண்ணீரோடு வடியவிடும் அதே வித்தையைத்தான் தொழிற்சாலைகள் இன்றைக்கும் செய்கின்றன. எங்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. இங்கே மிஞ்சியதைக் கொட்டினால் பத்து நிமிஷத்தில் காகம் முடித்துவிடும்.

அதே காலத்தில் அசல் டெல்ஃப்ற்றில், அதாவது ஒல்லாந்தில் இருக்கிற டெல்ஃப்ற்றில், ஒரு துணிக்கடைக்காரர் கண்ணாடிச் சில்லுத் தேய்த்துக்கொண்டிருந்தார். பெயர் அன்ரனி வான் லேவன்ஹூக். நகரசபை மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற உத்தியோகமும் அவருக்கு உண்டு. பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது, லத்தீன் தெரியாது. 1676-இல் லண்டன் ரோயல் சொசைற்றிக்குக் கடிதம் எழுதினார்: ஒரு சொட்டுத் தண்ணீருக்குள் குட்டிக் குட்டிப் பிராணிகள் ஓடித் திரிகின்றன. லண்டன் கனவான்கள் நம்பவில்லை. உடனே மனிதர் பாதிரியாரையும் ஊர்ப் பெரியவர்களையும் கூட்டி, பூதக்கண்ணாடியில் பார்க்கவைத்து, ‘ஆம், நாங்களும் கண்டோம்’ என்று கையெழுத்து வாங்கி அனுப்பினார். கிருமியியலின் முதல் ஆதாரம், கிராமசேவகர் சேர்ட்டிபிக்கற் மாதிரி ஒன்று!

பிறகு 1683-இல் தன் பல்லிடுக்கில் இருந்த அழுக்கைச் சுரண்டிப் பார்த்தார். அங்கேயும் பிராணிகள். சொன்னாரே தவிர, அந்த நல்ல கண்ணாடிகளை எப்படிச் செய்தார் என்பதை யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்கள் ஊர்ப் பரியாரி எண்ணெய் காய்ச்சும் ரகசியம் மாதிரிப் பொத்திவைத்தே போய்ச் சேர்ந்தார். ஆக, ஒரு டெல்ஃப்ற்றில் கிருமி கண்டுபிடித்தாயிற்று. அந்தக் கிருமியைப் பின்னாளில் உட்காரவைக்கப்போகிற கதிரையின் சொந்தக்காரர்கள் இன்னொரு டெல்ஃப்ற்றின் கரையில் அலையோடு அசைந்துகொண்டிருந்தார்கள். நடுவில் இருநூறு வருஷம். ஒல்லாந்தர் இரண்டு டெல்ஃப்ற்றையும் கையில் வைத்திருந்தும் முடிச்சுப் போடவில்லை.

வெள்ளைக்காரர் காலம் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நெடுந்தீவின் குதிரைப் பண்ணைக்குப் பொறுப்பாக இருந்தவர் லெப்டினன்ற் நோலன், அயர்லாந்துக்காரர். தீவுக்கே ராசா மாதிரி இருந்தாராம். அவரைப் பற்றி ஊரில் உலவும் கதைகளைக் குடும்பப் பத்திரிகையில் எழுத ஏலாது. தீவில் சில குழந்தைகளின் மூக்கும் கண்ணும் யாரை மாதிரி இருந்தன என்பது தொடர்பான கதைகள் என்று மட்டும் சொல்லி நகர்கிறேன். இந்த விஷயத்துக்குப் பாசி வழியாகவே பின்னால் வரவேண்டியிருக்கும்.

நோலன் குதிரையைப் பார்த்தார். பாசியைப் பார்த்தவர் இன்னொரு அயர்லாந்துக்காரர், ஆனால் அவர் இருந்தது கல்கத்தாவில். வில்லியம் புரூக் ஓஷாக்னெசி. இந்த மனிதரை ஒரே ஆள் என்று நம்புவது கஷ்டம். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதில், வாந்திபேதிக்காரரின் இரத்தத்தில் தண்ணீரும் உப்பும் குறைகிறது, நரம்பு வழியாக அதையே திரும்பக் கொடுத்தால் என்ன என்று கேட்டார். இன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றுகிற சேலைனின் முப்பாட்டன் அந்தக் கேள்வி. 1833-இல் கும்பினி வைத்தியராகக் கல்கத்தா வந்தார். கஞ்சாவை மருந்தாக ஆராய்ந்து, அதை மேல்நாட்டு வைத்தியத்துக்கு அறிமுகப்படுத்தினார். வாதநோய்க்காரர் ஒருவருக்குக் கொஞ்சம் கொடுத்துப் பார்த்தார். நோயாளி கலகலவென்று கதைக்கத் தொடங்கி, பாட்டும் பாடி, இன்னும் சாப்பாடு கேட்டார். இதை ஒரு விஞ்ஞானக் கண்டுபிடிப்பாகக் குறித்துக்கொண்ட அந்த அப்பாவித்தனம் எனக்குப் பிடிக்கும்.

பிறகு தந்திக் கம்பி இழுத்தார். 1850-களில் இந்தியா முழுக்கத் தந்தி போட்ட பெருமை அவருக்கே. சேர் பட்டம் கிடைத்தது. அதோடு விடாமல் 1861-இல் தன் பெயரையும் மாற்றிக்கொண்டார். பின்னாலே தேடி வருகிறவர்கள் எந்த ஆளைத் தேடுவது என்று குழம்பட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

கஞ்சாவுக்கும் கம்பிக்கும் முன்னாலேயே, 1834-இல், அவர் மேசைக்கு வந்தது எங்கள் பாசி. வெள்ளைவெளேரென்று காய்ந்த நூல் நூலான சரக்கு. ராமநாதபுரக் கரையில் இதைக் கஞ்சிப்பாசி என்பார்கள். விஞ்ஞானி கிரசிலேரியா என்பார். ஓஷாக்னெசி அதைக் காய்ச்சி, வடித்து, நிறுத்துப் பார்த்தார். நூற்றுக்கு 54.5 பங்கு தாவரக் களி, 18 பங்கு நார், 15 பங்கு மாச்சத்து, மிச்சம் பசையும் உப்புகளும். மெலிந்த நோயாளிக்கு நல்ல ஆகாரம் என்று பரிந்துரைத்தார். கஞ்சிப்பாசியில் கஞ்சி காய்ச்சலாம் என்று ஐரோப்பிய விஞ்ஞானம் கண்டுபிடித்த நாள் அது. கரையில் இருந்த கிழவிகளிடம் கேட்டிருந்தால் தராசுச் செலவு மிஞ்சியிருக்கும்.

அதற்குப் பிறகு பாசிக்கு ஒரு சின்னப் புகழ். 1868-இல் வந்த இந்திய மருந்து நூலில் இடம் கிடைத்தது. மேல்நாட்டு மருந்துக் கடைகளில் ‘இலங்கைப் பாசி’, ‘யாழ்ப்பாணப் பாசி’ என்று போத்தலில் எழுதி விற்றார்கள். நெஞ்சு நிமிர்கிறதா? கொஞ்சம் பொறுங்கள். அந்தக் காலப் புத்தகங்கள் இது விளையும் இடமாகச் சொல்வது புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடைப்பட்ட களப்பை. தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கலங்கி, பாசி அறுந்து மிதக்கும்போது சனங்கள் அள்ளி, பாயில் போட்டு இரண்டு மூன்று நாள் காயவைத்து, நல்ல தண்ணீரில் பலதரம் கழுவி, திரும்ப வெயிலில் போட்டு வெளுக்கவைப்பார்களாம். பாடுபட்டது புத்தளம், பேர் யாழ்ப்பாணத்துக்கு. எங்கள் பிராண்டுக்கு அப்பவே ஒரு கிராக்கி!

தீவுப்பகுதியில் பாசி இல்லாமல் இல்லை. சாட்டிக் கரையில் காலை வைத்தாலே சாதாளை சுற்றும். அதை அள்ளித் தோட்டத்துக்குத் தாட்டார்கள், புகையிலை நன்றாக வந்தது. போத்தலில் போட்டு விற்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. இலங்கைக் கடற்பாசிகளை எல்லாம் உட்கார்ந்து முறையாகக் கணக்கெடுத்து எம். துரைரத்தினம் நூல் வெளியிட்டது 1961-இல்தான்.

சரி, கதாநாயகிக்கு வருவோம்.

1881. ஜெர்மனியில் ரொபேர்ட் கோக் என்ற பெரிய மூளை ஒரு சின்னப் பிரச்சினையில் மாட்டிக்கொண்டு நின்றது. கிருமிகளைத் தனித்தனியாகப் பிரித்து வளர்க்க வேண்டும். சாறில் வளர்த்தால் எல்லாம் கூட்டாஞ்சோறு. ஆகவே கெட்டியான மேடை வேண்டும். முதலில் அவித்த உருளைக்கிழங்கை வட்டமாக வெட்டி அதன்மேல் வளர்த்தார். நவீன மருத்துவத்தின் அஸ்திவாரம் உருளைக்கிழங்குத் துண்டு என்பதை எந்தச் சிலையின் கீழும் எழுதமாட்டார்கள்.

பிறகு ஜெலற்றினுக்கு மாறினார். எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுக்கும் அந்தச் சாமான் பார்க்க அழகு. ஆனால் உடம்புச் சூடு பட்டாலே உருகி ஓடும். கிருமியோ உடம்புச் சூட்டில்தான் நன்றாக வளரும். போதாக்குறைக்குப் பல கிருமிகள் அந்த ஜெலற்றினையே தின்று தண்ணீராக்கிவிடும். விருந்தாளி சாப்பாட்டோடு மேசையையும் சாப்பிட்டால் வீட்டுக்காரன் என்ன செய்வது?

கோக்கின் கூட்டத்தில் வால்ற்றர் ஹெஸ்ஸ என்றொரு கிராமப்புற வைத்தியர். காற்றில் இருக்கும் கிருமியைப் பிடிப்பது அவர் பைத்தியம். கோடை வந்தது, அவருடைய ஜெலற்றின் எல்லாம் ரசமாகியது. அவருடைய மனைவி பன்னி ஆஞ்சலினா, கணவரின் லாப்பில் சம்பளம் இல்லாத உதவியாள், கட்டுரைகளுக்குப் படம் கீறித்தந்த ஓவியரும் அவர்தான். ஹெஸ்ஸ ஒருநாள் சாப்பாட்டு மேசையில் கேட்டார்: இந்த வெக்கையிலும் நீ செய்கிற ஜெலியும் புடிங்கும் எப்படியம்மா உருகாமல் நிற்கிறது?

பன்னி அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர். ஜாவாவில் இருந்துவிட்டு வந்த ஒல்லாந்தக் குடும்பம் ஒன்று அயலில் இருந்தது. அவர்களிடமிருந்துதான் அகர் போட்டுச் சமைக்கும் பக்குவத்தைப் பழகினார். உரைத்துப் பாருங்கோ. ஆசியக் குசினியில் ஆயிரம் கைகள் கிண்டிய களி, ஒல்லாந்தர் வீட்டுக் கரண்டியில் ஏறி, அமெரிக்கப் பெண்ணின் கைப்பக்குவமாகி, ஜெர்மன் விஞ்ஞானியின் கோப்பைக்கு வந்து சேர்ந்தது. ஒல்லாந்தர் எங்கள் கரையில் உதறிவிட்டுப் போன சாமானை அவர்கள் வீட்டுப் பெண்கள் கிழக்குச் சமையலறையில் கவனித்து வைத்திருந்தார்கள். ஒல்லாந்தக் கும்பினியின் கணக்குப் புத்தகத்தில் வராத ஒரே லாபம் இதுதான் போல.

அகர் உருகக் கிட்டத்தட்ட 85 பாகை வேண்டும். ஆனால் ஆறி உறைவது 40 பாகைக்குக் கீழே. உருக ஒரு சூடு, உறைய ஒரு சூடு என்று இரண்டு மனம். கிருமிக்கு வேண்டிய 37 பாகையில் ஆடாமல் அசையாமல் நிற்கும். பெரும்பாலான கிருமிகளுக்கு அதைத் தின்னவும் தெரியாது. மேடை கிடைத்தது. 1882 மார்ச் 24-ஆம் தேதி காசநோய்க் கிருமியைக் கண்டேன் என்று கோக் பெர்லினில் அறிவித்தார். உலகம் எழுந்து நின்றது. அந்த வருஷக் கட்டுரையில் அகருக்கு ஒரே ஒரு வரி. ஹெஸ்ஸ தம்பதிக்கு? ஒன்றும் இல்லை. கிரெடிற் கொடுக்க மறக்கும் பழக்கம் பிஎச்.டி. மேற்பார்வையாளர்கள் கண்டுபிடித்ததல்ல, அது பழைய சொத்து.

கோக்கின் மேல் எனக்குக் கோபம் இல்லை, உண்மையில் பாவம் என்றுதான் படுகிறது. 1890-இல் காசநோய்க்கு மருந்தே கண்டுபிடித்துவிட்டேன் என்றார். என்ன மருந்து? சொல்லமாட்டேன், ரகசியம். நோயாளிகள் பெர்லினுக்குப் படையெடுத்தார்கள். ஷெர்லொக் ஹோம்ஸை எழுதிய கொனன் டொய்லே பார்த்துவர ஓடினார். மருந்து வேலைசெய்யவில்லை. அதே சமயத்தில் ஐம்பதை நெருங்கிய நம் மேதைக்கு இருபது வயதுகூட நிரம்பாத ஒரு பெண்மேல் காதல். பழைய மணத்தை முறித்து 1893-இல் அவளைக் கட்டினார். பெர்லின் வம்பளந்தது. கிருமி பிடிக்கிறவருக்கும் ஒன்று பிடிக்கத்தானே செய்யும். 1905-இல் நோபல் பரிசு வந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

மூடி என்றதும் ஞாபகம் வருகிறது. கோக்கின் உதவியாளர் ஜூலியஸ் பெற்றி 1887-இல் அகர் ஊற்றும் தட்டுக்குச் சற்றே பெரிய இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடினார். அவ்வளவுதான் அவர் செய்தது. உலகம் முழுக்க இன்றைக்கும் அது ‘பெற்றித் தட்டு’. மூடி போட்டவருக்கு அமர வாழ்வு, உள்ளே இருக்கிற சாமானைக் கொடுத்தவளுக்கு ஒரு கரண்டி புகழும் இல்லை.

பன்னி அதைப்பற்றி வாயே திறக்கவில்லை என்று பேரன் பின்னாளில் எழுதினார். தம்பி ஒருவர் இருந்தார், லூயிஸ் ஐல்ஷேமியஸ், நியூயோர்க் ஓவியர். அவர் அக்காவின் பங்குக்கும் சேர்த்துப் பேசித் தீர்த்தார். தன்னைத் தானே ‘மகாத்மா’ என்று அழைத்துக்கொண்டவர். கலையுலகின் அதியுன்னதக் கழுகு என்று பட்டமும் தனக்குத் தானே சூட்டிக்கொண்டார். ஓவியன், கவிஞன், இசைஞன், தீர்க்கதரிசி என்று நீளும் தம்பட்டம் வேறு. எங்கள் கலியாணக் கார்டில் மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் போடுகிற எழுத்துக்களெல்லாம் இவரிடம் பிச்சை வாங்க வேண்டும். ஒரே வீட்டில் அடக்கமும் தம்பட்டமும் எப்படிப் பங்கு பிரிந்தன பாருங்கோ.

அகருக்கு உலகம் எவ்வளவு அடிமை என்பது இரண்டாம் உலகப் போரில் தெரிந்தது. சரக்கெல்லாம் ஜப்பான் கையில். ஜப்பானோ எதிரி. பீரங்கி இருக்கிறது, விமானம் இருக்கிறது, கிருமி வளர்க்கக் களி இல்லை. நியூசிலாந்தில் மாவோரி மக்களும் பள்ளிப் பிள்ளைகளும்கூடக் கரையில் இறங்கிப் பாசி பொறுக்கினார்கள். ஹமன்ஹீலில் தண்ணீர் இல்லாமல் கோட்டை விழுந்ததைப் போல, களி இல்லாமல் நேசநாடுகள் விழுந்திருந்தால் சரித்திரம் எவ்வளவு சுவையாக இருந்திருக்கும்!

அடுத்த கட்டம் சுவீடன், உப்சாலா. லின்னேயஸ் இருந்த ஊர். இலங்கைப் பக்கம் தலைவைத்தும் படுக்காமல், ஒல்லாந்தக் கும்பினியின் வைத்தியர் ஒருவர் சேர்த்த காய்ந்த இலைகளை வைத்தே 1747-இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி முழுப் புத்தகம் எழுதியவர் அந்த மகான். அதே உப்சாலாவில் 1960-களின் தொடக்கத்தில் ஸ்டெல்லன் யேர்ட்டேன் அகரின் குழப்படிப் பகுதியை நீக்கி, சாதுவான பகுதியை மட்டும் சுத்தமாக எடுக்கும் வழி கண்டார். அதன் பெயர் அகரோஸ். அதை மணிமணியாக உருட்டிக் குழாயில் அடைத்தால் புரதங்களைச் சல்லடை போடும். 1967-இல் இன்னொரு படி: அந்த மணியின் மேல், சயனோஜன் புரோமைட் என்ற கடும் நஞ்சின் துணையோடு, வேண்டிய மூலக்கூறைக் கழலாமல் மாட்டிவிடும் வித்தை. மாட்டியது எதுவோ அதற்குப் பொருத்தமான புரதம் மட்டும் வந்து ஒட்டும், மற்றதெல்லாம் வழிந்து போகும். ஊர் கோயில் மணியக்காரருக்குக்கூட இவ்வளவு துல்லியமாக ஆள் தெரியாது.

அகரோஸைத் தட்டையாக உறையவைத்து மின்சாரம் விட்டால் டி.என்.ஏ. துண்டுகள் நீளவாரியாகப் பிரிந்து ஓடும். 1984-இல் அலெக் ஜெப்ரிஸ் டி.என்.ஏ. கைரேகை கண்டதும் இந்தக் களியில் ஓட்டித்தான். யார் அப்பன் என்று சொல்லிவிடும். இப்போது லெப்டினன்ற் நோலனை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் குதிரையில் உலாத்திய கரையில் ஒதுங்கிக் கிடந்த சாமான், அவருடைய வண்டவாளத்தைத் தண்டவாளம் ஏற்றும் சாமான் என்று தெரிந்திருந்தால் மனிதர் பாசியை வேரோடு பிடுங்கி எரித்திருப்பார். இருநூறு வருஷம் முந்திப் பிறந்ததால் தப்பினார்.

பாசியின் களியை வேறு பிளாஸ்ரிக் வகைச் சங்கிலிகளோடு இரசாயன ரீதியாகப் பிணைக்கும் காலம் வந்தது. இதை விளக்க எனக்குக் கலியாணத்தை விட்டால் வேறு வழி இல்லை. இரண்டையும் சும்மா கலந்து வைத்தால் அது ஒரே வீட்டில் குடியிருப்பு. தண்ணீரில் போட்டால் ஆளுக்கொரு பக்கம் போய்விடும். பிணைப்புப் போட்டால் தாலி ஏறிய கதை, இலேசில் பிரிக்க ஏலாது. அகர் வீட்டுக்காரருக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கும் குணம் உண்டு, ஆனால் வளையத் தெரியாது, மடக்கினால் உடையும். மற்ற வீட்டாருக்கு நெகிழ்வு உண்டு, பாரம்பரியம் இல்லை. பொருத்தம் பார்த்தால் பத்துக்குப் பத்து.

குஜராத்தில் பாவ்நகர் என்ற ஊரில் மத்திய உப்பு, கடல் இரசாயன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1954-இல் தொடங்கியது. அதற்கு மண்டபத்தில் ஒரு கிளை, எங்கள் நெடுந்தீவுக்கு நேரெதிர்க் கரை. அங்கத்தைய ஆராய்ச்சியாளர்கள் 2006-இல் அகரையும் கராஜீனன் என்ற இன்னொரு பாசிக் களியையும் பி.வி.பி. என்ற பொலிமரோடு பிணைத்துக் காட்டினார்கள். மாப்பிள்ளை பி.வி.பி. யார் தெரியுமா? ஜெர்மனியில் வால்ற்றர் ரெப்பே கண்ட சரக்கு. போர்க்காலத்தில் இரத்தத்துக்குப் பதிலாக வீரர்களின் நரம்பில் ஏற்றினார்கள். போர் முடிந்ததும் தலைமயிர் கலையாமல் இருக்க அடிக்கிற ஸ்பிறேயில் வேலைக்குப் போனார். புண்ணுக்குப் பூசுகிற மண்ணிற மருந்தில் அயடினைக் கட்டிப் பிடித்திருப்பவரும் இவர்தான். தரகர் பொட்டாசியம் பெர்சல்பேற். மணவறை எது என்கிறீர்கள்? மைக்ரோவேவ் அடுப்பு! சோறு சூடாக்குகிற அதே கதிர்தான். நூற்றிருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் பாசி குசினிச் சாமானை விட்டு விலகவில்லை.

2012-இல் ஹாவர்ட் ஆட்கள் பழுப்புப் பாசியின் அல்ஜினேற்றைப் பொலிஅக்ரிலமைட்டோடு பிணைத்து ஒரு களி செய்தார்கள். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பிடித்து இழுத்தால் தன் நீளத்தைப் போல இருபது மடங்குக்கு மேல் நீளும், அறாது. அல்ஜினேற் வருகிற பாசிகளில் ஒன்றுக்கு ராமநாதபுரக் கரையில் என்ன பெயர் தெரியுமா? பக்கோடாப் பாசி. ஆய்வுக் கட்டுரைகளில் அந்தப் பெயரை யாரும் போடுவதில்லை. போட்டால் நிதி கிடைக்காது என்று பயம் போல.

அங்கே ‘பெப்சிப் பாசி’ என்றும் ஒன்று உண்டு. கராஜீனன் எடுக்கிற கப்பாஃபைக்கஸ். 2000-ஆம் ஆண்டுவாக்கில் பெப்சி நிறுவனம் மூங்கில் தெப்பத்தில் வளர்க்கக் கொடுத்ததால் வந்த பெயர். இது தானாகப் பரவாது, பயப்படாதீர்கள் என்றார்கள் படித்தவர்கள். 2008-இல் குருசடைத் தீவின் பவளப் பாறைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது. பெப்சி தொழிலை வேறு கையில் கொடுத்துவிட்டுப் போயிற்று. பெயரை மட்டும் கடலோரப் பெண்கள் விடவில்லை. இந்தப் பக்கம் பூநகரி வலைப்பாட்டிலும் அதே பாசியைக் கயிற்றில் கட்டி வளர்க்கிறார்கள். மிதக்க விடுவது வெறும் சோடாப் போத்தலில். எந்தக் கொம்பனியின் போத்தல் என்று கேட்காதீர்கள்.

இவ்வளவு தடபுடலுக்குப் பிறகு, பொலிமரோடு பிணைத்த அந்தப் பாசிச் சரக்கு ஆய்வுகூடத்துக்கு எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். சின்னக் குப்பி. உள்ளே மில்லிகிராம் கணக்கில் வெள்ளைத் தூள். அப்பம்மா சேர் கணக்கில் அள்ளிக் காய்ச்சிய சாமான்! வெளியே ஒரு சீட்டு: ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர் உட்கொள்வதற்கு அல்ல. நோன்பு மாதத்தில் கடற்பாசி இல்லாமல் நோன்பு திறக்காத வீடுகள் எத்தனை! பாலும் சீனியும் ரோஸ் சிரப்பும் போட்டு, டிரேயில் ஊற்றி, டயமண்ட் வடிவில் வெட்டி, பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தனுப்புகிற அந்தச் சனங்களிடம் இந்தச் சீட்டைக் காட்டினால் சிரித்தே உருண்டுவிடுவார்கள்.

நாங்களோ சுன்னாகம் சந்தைக் கடையில் ‘சைனா கிராஸ்’ பக்கற் வாங்குகிறோம். யாழ்ப்பாணப் பாசி என்று மேல்நாட்டுப் போத்தலில் பேர் ஏறிய ஊர், தன் களிக்குச் சீனன் பெயரில் பக்கற் வாங்கிக் காய்ச்சுகிறது. இதற்கு வான் கூன்ஸைக் குறை சொல்ல முடியாது.

பன்னி ஹெஸ்ஸ 1934-இல் காலமானார். ஐந்து வருஷம் கழித்து, 1939-இல், ஹிச்சன்ஸ், லைக்கின்ட் என்ற இரண்டு அமெரிக்கர்கள் பழைய கதையைத் தோண்டி எடுத்து ஒரு கட்டுரை எழுதினார்கள். பெற்றிக்குத் தட்டு இருக்கும்போது, வெறும் அகரை ‘ஹெஸ்ஸ அம்மையாரின் ஊடகம்’ என்று அழைத்தால் என்ன என்று கேட்டார்கள். யாரும் அழைக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் நுண்ணுயிரியல் படிக்கும் பிள்ளைகளே, நாளைக்கு பிராக்ரிக்கலில் தட்டு ஊற்றும்போது கொப்பியில் அந்தப் பெயரை எழுதிப் பாருங்கள். டெமோன்ஸ்ட்ரேற்றர் ஒரு மார்க் வெட்டினால் வெட்டிவிட்டுப் போகட்டும்.